கர்ட் ஃப்ளட்: தோற்ற வழக்கும் திறந்த கதவும்

அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்குப் போகும் உரிமையைப் பற்றிப் பேச்சு வந்தால் கர்ட் ஃப்ளட் பெயர் வராமல் இருக்காது. அந்த உரிமையை அவர்தான் வாங்கிக் கொடுத்தார் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த வரியில் பாதிதான் உண்மை. அவர் போட்ட வழக்கு கீழ்க்கோர்ட்டில் தோற்றது, மேல்முறையீட்டில் தோற்றது, 1972ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. உரிமை கிடைத்தது 1975 டிசம்பரில், வேறு இரண்டு ஆட்டக்காரர்கள் வழியாக, கோர்ட்டே அல்லாத ஓரிடத்தில். அப்படியானால் ஃப்ளட்டுக்கு அதில் என்ன பங்கு? நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்ட வாழ்க்கையை 31 வயதில் அவர் ஏன் பணயம் வைத்தார்? இதற்குப் பதில் தேடினால் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் ஒரு ஒப்பந்தத்தின் ஒரே ஒரு பத்தி.

அந்தக் காலத்தில் அமெரிக்க பேஸ்பாலின் மேல்மட்டமான பெரிய லீக்கின் ஆட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டது ஒரே மாதிரி அச்சடித்த ஒப்பந்தத்தில். அதில் '10ஏ' என்று ஒரு பத்தி. புதிய சம்பளத்துக்கு ஆட்டக்காரர் ஒத்துவராவிட்டால், ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்க அணிக்கு உரிமை உண்டு. சம்பளம் அணி வைத்தது, மற்ற நிபந்தனைகள் பழையபடியே. ஓராண்டுதானே, பொறுத்துக்கொண்டால் விடுதலை என்று தோன்றும். முதலாளிகள் அதை அப்படிப் படிக்கவில்லை. மற்ற நிபந்தனைகள் பழையபடி என்றால் 10ஏ பத்தியும் அதில் சேர்த்திதான். ஆகவே நீட்டித்த ஒப்பந்தத்தை அடுத்த வருடமும் நீட்டிக்கலாம், அதற்கடுத்த வருடமும் நீட்டிக்கலாம். பதினெட்டு வயதில் போட்ட ஒரு கையெழுத்து, ஆட்டத்தை விட்டுப் போகும் நாள்வரை கட்டிப்போடும். வேறு அணி அவரோடு பேசவே கூடாது. ஆனால் அவருடைய அணி நினைத்தால், அவரைக் கேட்காமலே இன்னொரு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். 1879லேயே முளைத்த இந்த ஏற்பாட்டுக்கு ரிசர்வ் ஷரத்து என்று பெயர்.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு ஆட்டக்காரருக்கு விலை வைப்பது புதிதல்ல. ஆனால் அங்கே ஏலத்துக்குப் பெயர் கொடுப்பது ஆட்டக்காரர்தான், ஒப்பந்தத்துக்கும் முடிவு தேதி உண்டு. ரிசர்வ் ஷரத்தில் முடிவு தேதியே கிடையாது.

இப்படி ஒரு கட்டுப்பாட்டை இரும்புக் கம்பெனிகளோ ரயில் கம்பெனிகளோ கூடிப் பேசி வைத்திருந்தால் ஏகபோகத் தடுப்புச் சட்டம் பாய்ந்திருக்கும். பேஸ்பாலைத் தொடாமல் விட்டது 1922ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நீதிபதி ஹோம்ஸ் எழுதியது. பேஸ்பால் ஆட்டம் நடத்துவது அந்தந்த மாநிலத்துக்குள் நடக்கும் காரியம், ஆட்டக்காரர்கள் மாநில எல்லை தாண்டிப் பயணம் செய்வது அதற்கு ஒட்டு வேலை மட்டுமே, எனவே இது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது என்றார். ரேடியோவும் டெலிவிஷனும் வந்து, ஆட்டம் நாடு முழுக்கக் காசு அள்ளத் தொடங்கிய பிறகும், 1953ல் டூல்சன் என்ற பந்து வீச்சாளர் போட்ட வழக்கில் கோர்ட் பழைய தீர்ப்பையே பிடித்துக்கொண்டது. மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம் மாற்றட்டும் என்றது. ஆனால் 1955ல் குத்துச்சண்டைக்கும் 1957ல் அமெரிக்கக் கால்பந்துக்கும் இதே சலுகையைக் கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டது. ஆக, சட்டத்துக்கு வெளியே நின்ற ஒரே விளையாட்டு பேஸ்பால்.

ஃப்ளட் 1938ல் ஹூஸ்டனில் பிறந்து கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்தவர். அங்கே ஜார்ஜ் பவுல்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயிற்சியாளரின் கையில் உருவான பையன்களில் ஃப்ராங்க் ராபின்சன், வாடா பின்சன் இருவரும் உண்டு. மூன்று பேரையுமே சின்சினாட்டி ரெட்ஸ் அணி எடுத்தது. 1956ல் ஃப்ளட்டுக்குக் கிடைத்தது 4,000 டாலர் ஆண்டுச் சம்பளம், முன்பணம் எதுவும் இல்லை.

பெரிய லீக்கின் நிறத் தடையை உடைத்த கறுப்பு ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் அங்கே கால் வைத்து அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஆனால் பெரிய லீக்குக்குப் போகும் வழி தெற்கு மாநிலங்களின் சிறிய ஊர்கள் ஊடாகத்தான் போனது. 18 வயதில் வட கரோலினாவின் ஹை பாயின்ட்-தாமஸ்வில் அணிக்கும், அடுத்த வருடம் ஜார்ஜியாவின் சவானாவுக்கும் அவரை அனுப்பினார்கள். அணி சாப்பிட ஓட்டலில் இறங்கினால் இவர் பஸ்ஸிலேயே இருக்க வேண்டும், அல்லது பின்வாசல் சமையலறைக்குப் போக வேண்டும்.

அந்த நாட்களைப் பற்றி ஃப்ளட் பிற்காலத்தில் சொன்ன ஒரு சம்பவம் என்னை விட்டுப் போகவே இல்லை. ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வியர்வையில் ஊறிய சீருடையைக் கழற்றி ஒரு குவியலில் போடுகிறார்கள். இவரும் போட்டார். உடை அறையைப் பார்த்துக்கொள்பவர் நுனியில் ஆணி வைத்த ஒரு நீளக் குச்சியோடு வந்து, வெள்ளையர் உடைகளுக்கு நடுவிலிருந்து இவருடையதை மட்டும் குத்தித் தனியே எடுத்தார். கறுப்பர்களுக்கென்று இருந்த சலவைக் கடைக்கு அது போனது. இருபது நிமிடத் தொலைவு. மற்றவர்கள் உடுத்திக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். தன் உடை திரும்பி வரும்வரை இந்தப் பையன் துணியில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

இவ்வளவுக்கும் நடுவில் அந்த 1956 பருவத்தில் அவர் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடிக்கும் ஹோம் ரன் 29 அடித்தார், சராசரி .340. பேஸ்பாலில் பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றிகரமாக அடித்தாலே நல்ல ஆட்டக்காரர் என்பார்கள். .340 என்பது அதற்கும் மேலே.

1957 கடைசியில் வெனிசுவேலாவில் குளிர்கால ஆட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, ரெட்ஸ் அணி அவரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்ட செய்தி வந்தது. வயது 19. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1969ல் நடந்தது அவருக்கு இரண்டாவது முறை.

கார்டினல்ஸில் ஆரம்ப வருடங்கள் சுமார்தான். மேனேஜர் சாலி ஹீமஸ் அவரைப் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்தார். 1961 நடுவில் ஜானி கீன் பொறுப்புக்கு வந்தார். நடு மைதானம் இனி உன்னுடையது என்று ஃப்ளட்டிடம் கொடுத்தார். அப்புறம் அந்த இடத்தை அவரிடமிருந்து யாராலும் வாங்க முடியவில்லை.

நடு மைதானத்தில் நிற்கும் சென்டர் ஃபீல்டரின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைதானத்தின் ஆழத்தில் மிக அதிக நிலப்பரப்பு அவருடையது. மட்டையில் பந்து பட்ட சத்தத்தை வைத்தே அது எங்கே விழும் என்று கணித்து, பார்ப்பதற்கு முன்பே ஓடத் தொடங்க வேண்டும். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டருகே நிற்பவரின் வேலைதான், ஆனால் ஓட வேண்டிய தூரம் கூட. ஃப்ளட் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், ஒல்லியான உடம்பு. 1966 பருவம் முழுவதும் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. 1965 செப்டம்பரிலிருந்து 1967 ஜூன் வரை தொடர்ச்சியாக 226 ஆட்டங்கள் பிழையில்லாமல் ஆடினார். 1963 முதல் 1969 வரை ஏழு வருடமும் சிறந்த ஃபீல்டிங்குக்கான தங்கக் கையுறை விருது. மட்டையிலும் குறைவில்லை: 1964ல் 211 முறை அடித்து ராபர்ட்டோ கிளமென்டியோடு லீக்கின் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார், 1967ல் சராசரி .335. அந்த இரண்டு வருடமும் கார்டினல்ஸ், பருவத்தின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றது.

அந்த அணி அவருக்கு வீடு போல இருந்தது என்பதும் முக்கியம். பாப் கிப்சன், லூ ப்ராக், பில் வைட், டிம் மெக்கார்வர் என்று கறுப்பரும் வெள்ளையரும் உண்மையாகவே பழகிய அணி. ஃப்ளோரிடாவில் பயிற்சிக் காலத்தில் கறுப்பு ஆட்டக்காரர்களைத் தனியே தங்க வைத்த வழக்கத்தை பில் வைட் 1961ல் வெளிப்படையாக எதிர்த்தார். பிறகு எல்லோரும் குடும்பத்தோடு ஒரே மோட்டலில் தங்கத் தொடங்கினார்கள். அணியின் முதலாளி, பட்வைசர் பீர் கம்பெனியின் ஆகஸ்ட் புஷ், அந்த மாற்றத்துக்குத் துணை நின்றவர். ஆட்டக்காரர்களுக்கு நல்ல சம்பளமும் கொடுத்தவர். பின்னால் நடந்ததை ஒரு கெட்ட முதலாளியின் கதையாகச் சுருக்க முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

1968 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ், யாரும் ரன் எடுக்கவில்லை. டெட்ராய்ட் அணியின் ஜிம் நார்த்ரப் நடுவில் தூக்கி அடித்தார். ஃப்ளட் முதலில் முன்னால் இரண்டடி வைத்தார், தப்பென்று உணர்ந்து திரும்பும்போது கால் வழுக்கியது. பந்து தலைக்கு மேல் போய்விட்டது. இரண்டு ரன். கார்டினல்ஸ் 4-1 என்று தோற்றது. ஏழு தங்கக் கையுறை வாங்கியவரின் ஆட்டத்தில் அதிகம் பேசப்படுவது அந்த ஒரு வழுக்கல்தான்.

அடுத்த வருடம் 90,000 டாலருக்குப் பிடிவாதமாக நின்று வாங்கினார். 1969 பயிற்சிக் காலத்தில் புஷ் ஆட்டக்காரர்களைக் கூட்டி, பத்திரிகையாளர்கள் முன்னிலையிலேயே அவர்களுடைய பேராசையைப் பற்றிப் பாடம் நடத்தினார். அணி அந்தப் பருவத்தில் நான்காவது இடத்துக்கு இறங்கியது. அக்டோபரில் ஒரு நாள் அதிகாலை தொலைபேசி அடித்தது. அணி அலுவலகத்து ஆள் ஒருவர், உங்களை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டோம் என்றார். பன்னிரண்டு வருட உழைப்புக்கு ஒரு போன் கால். ஜெனரல் மேனேஜர்கூடப் பேசவில்லை.

ஃபிலடெல்ஃபியாவுக்கு அவர் போக விரும்பாததற்குக் காரணம் இருந்தது. அந்த மாற்றத்தில் அங்கிருந்து இங்கே வந்தவர் டிக் ஆலன். சொந்த ஊர் ரசிகர்களே கைக்குக் கிடைத்ததை எறிந்ததால், ஃபீல்டிங் செய்யும்போதுகூடத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு நின்ற கறுப்பு ஆட்டக்காரர். ஆனாலும் ஊர் பிடிக்காதது மட்டும் காரணம் என்றால் ஃப்ளட் ஓய்வு பெற்றிருக்கலாம். வழக்குப் போடுவது வேறு விஷயம்.

ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர், எஃகுத் தொழிலாளர் சங்கத்திலிருந்து 1966ல் வந்தவர். அவர் ஃப்ளட்டிடம் எதையும் மறைக்கவில்லை. ஜெயிக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஜெயித்தாலும் உனக்குப் பயன்படும் வயது தாண்டியிருக்கும். மேனேஜராகவோ பயிற்சியாளராகவோ இனி யாரும் உன்னைச் சேர்க்க மாட்டார்கள். ஃப்ளட் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: மற்ற ஆட்டக்காரர்களுக்கு, இனி வருகிறவர்களுக்கு, இது பயன்படுமா? படும் என்றார் மில்லர். டிசம்பரில் போர்ட்டோ ரிக்கோவில் கூடிய அணிப் பிரதிநிதிகள் ஒருமனதாக ஆதரவு கொடுத்தார்கள்.

1969 டிசம்பர் 24 அன்று பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான கமிஷனர் போவி கூனுக்கு அவர் எழுதிய கடிதம் ரொம்பச் சின்னது. பெரிய லீக்கில் பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகு, என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து என்று நினைக்கவில்லை என்பதுதான் அதன் மையம். நீங்கள் சொத்து அல்ல என்பதை ஏற்கிறேன், அது இந்த விவகாரத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியவில்லை என்ற மாதிரி பதில் வந்தது. சில நாளில் தொலைக்காட்சியில் விளையாட்டு வர்ணனையாளர் ஹவர்ட் கோசெல், வருடம் 90,000 டாலர் வாங்குகிறவர் அடிமையா என்று கேட்டார். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார் ஃப்ளட். இந்தப் பதில் பல வெள்ளை ரசிகர்களுக்குக் கசந்தது. அந்தக் குச்சியைப் பற்றித் தெரிந்திருந்தால் அவர்கள் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 4,000 டாலர் வாங்கியபோதும் 90,000 வாங்கியபோதும் அவருடைய கேள்வி ஒன்றே: என்னைப் பற்றிய முடிவில் எனக்கு இடம் உண்டா?

1970 மே மாதம் நியூயார்க்கில் விசாரணை. ஜாக்கி ராபின்சன் சாட்சிக் கூண்டுக்கு வந்தார். சர்க்கரை நோயால் கண் மங்கி, தலை நரைத்து, 51 வயதில் முதியவராகத் தெரிந்தார். ஓய்வு பெற்ற ஆட்டக்காரர் ஹேங்க் கிரீன்பெர்க்கும் வந்து சாட்சி சொன்னார். ஆனால் அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த ஆட்டக்காரர் ஒருவர்கூட வந்து பின்வரிசையில் உட்காரவில்லை. ஃப்ளட்டின் நெருங்கிய நண்பர்களும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கையெழுத்துப் போட்டதும் அதே 10ஏ பத்தியில்தான்.

1970 முழுவதும் அவர் ஆடவில்லை. 1971ல் வாஷிங்டன் செனட்டர்ஸ் 1,10,000 டாலர் கொடுத்து அழைத்தது. வழக்குச் செலவு, கடன், குடி எல்லாம் சேர்ந்து உடம்பு தளர்ந்திருந்தது. 13 ஆட்டம், வெற்றிகரமாக அடித்தது 7 முறை, சராசரி .200. ஏப்ரல் கடைசியில், முயன்றேன், ஒன்றரை வருட இடைவெளி அதிகமாகிவிட்டது என்று முதலாளிக்குத் தந்தி கொடுத்துவிட்டு ஸ்பெயினுக்கு விமானம் ஏறினார். 33 வயதில் ஆட்டம் முடிந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 1972 ஜூன் 19 அன்று, ஐந்துக்கு மூன்று என்று வந்தது. ஒன்பதாவது நீதிபதி பவல், புஷ்ஷின் கம்பெனியில் பங்கு வைத்திருந்ததால் விலகிக்கொண்டார். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பிளாக்மன், பேஸ்பால் வரலாற்றைப் புகழ்ந்து, பழைய ஆட்டக்காரர்களின் பெயர்களை எண்பதுக்கும் மேல் அடுக்கித் தொடங்கினார். கூட வாக்களித்த நீதிபதிகளில் இரண்டு பேர் அந்தப் பகுதியில் மட்டும் சேர மறுத்துவிட்டார்கள். பிறகு பேஸ்பாலுக்கு இருக்கும் விலக்கு முரண்பாடானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம்தான் என்றும் சொல்கிறார். ஆனால் ஐம்பது வருடமாக இருப்பதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று முடிக்கிறார். எதிர்த்தவர்களில் ஒருவர் டக்ளஸ். 1953ல் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர். அன்று சேர்ந்ததற்காக வருந்தும்படி ஆகிவிட்டது என்று இப்போது எழுதினார்.

சரி, தோற்ற வழக்கு எப்படிப் பயன்பட்டது? எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். இது நாங்களும் சங்கமும் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய தொழில் விவகாரம், கோர்ட்டின் வேலை அல்ல என்பது முதலாளிகளின் வாதங்களில் ஒன்று. கோர்ட்டில் அப்படிச் சொல்லிவிட்டு, சங்கத்தோடு பேச மாட்டோம் என்று வெளியே சொல்வது கஷ்டம். வழக்கு நடந்துகொண்டிருந்த 1970ல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு மாற்றம் நுழைந்தது. அதுவரை ஆட்டக்காரரின் புகாரைத் தீர்ப்பது கமிஷனர். அவரை நியமித்துச் சம்பளம் கொடுப்பது முதலாளிகள். இனிமேல் இரு தரப்பும் ஏற்ற, வெளியிலிருந்து வரும் நடுநிலையான தீர்ப்பாளர் ஒருவர். பார்க்கச் சின்ன விஷயம். விடுதலை வந்தது இந்தக் கதவு வழியாகத்தான்.

1975ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஆண்டி மெசர்ஸ்மித், மான்ட்ரியாலின் டேவ் மெக்நாலி என்ற இரண்டு பந்து வீச்சாளர்கள் கையெழுத்துப் போடாமல், நீட்டித்த ஒப்பந்தத்தில் காலம் தள்ளினார்கள். மெசர்ஸ்மித் டாட்ஜர்ஸிடம் கேட்டது முக்கியமாகப் பணமல்ல, தன்னை சம்மதமில்லாமல் மாற்றக் கூடாது என்ற உறுதிமொழி. ஃப்ளட்டின் அதே கோரிக்கை. தீர்ப்பாளர் பீட்டர் சீட்ஸ் 10ஏ பத்தியை எடுத்துப் படித்தார். ஓராண்டு என்று எழுதியிருக்கிறது, எனவே ஓராண்டுதான் என்று 1975 டிசம்பர் 23 அன்று தீர்ப்புச் சொன்னார். முதலாளிகள் உடனே அவரைப் பதவியிலிருந்து நீக்கினார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள், தீர்ப்பு நின்றது. அடுத்த வருடம் பேசி முடித்த ஒப்பந்தத்தில், ஆறு வருடம் ஆடியவர் விரும்பிய அணிக்குப் போகலாம் என்று எழுதப்பட்டது. 1976ல் சுமார் 51,000 டாலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980ல் சுமார் 1,44,000 ஆனது.

ஃப்ளட்டுக்கு அதிலிருந்து ஒரு காசு வரவில்லை. எழுபதுகளின் நடுவில் ஓக்லாந்துக்குத் திரும்பினார், குடியோடு நெடுநாள் போராடினார், கொஞ்ச காலம் ரேடியோவில் ஆட்ட வர்ணனை செய்தார், சிறுவர் பேஸ்பாலைக் கவனித்துக்கொண்டார். 1986ல் நடிகை ஜூடி பேஸை மணந்தபின் வாழ்க்கை அமைதிப்பட்டது. 1994 வேலைநிறுத்தத்தின்போது ஆட்டக்காரர்கள் அவரைக் கூட்டத்துக்கு அழைத்து எழுந்து நின்று கைதட்டினார்கள். கோர்ட்டில் ஒருவரும் உட்காராத அந்த வரிசை நிரம்ப 24 வருடம் ஆனது. தொண்டைப் புற்றுநோயால் அவர் 1997 ஜனவரி 20 அன்று, 59 வயது முடிந்த இரண்டாம் நாள் இறந்தார். பெரிய லீக் ஆட்டக்காரர்களின் வேலை விவகாரங்களில் ஏகபோகத் தடுப்புச் சட்டம் செல்லும் என்று நாடாளுமன்றம் 1998ல் அவர் பெயரிலேயே சட்டம் போட்டது. மார்வின் மில்லர் இன்று பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார். ஃப்ளட் இல்லை. 1,861 வெற்றிகரமான அடிகள், .293 சராசரி, ஏழு தங்கக் கையுறை போதாது என்பவர்கள், அவர் ஆடாமல் விட்ட வருடங்கள் எதற்காகப் போயின என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சீட்ஸ் தீர்ப்புக்கு முன்பே, 1973ல், இன்னொரு விதி வந்திருந்தது. பெரிய லீக்கில் பத்து வருடம், அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் ஆடியவரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது. இதைப் பலர் கர்ட் ஃப்ளட் விதி என்றே சொல்கிறார்கள். அந்த வருடக் கடைசியில் சிகாகோ கப்ஸ் அணி ரான் சான்டோவை கலிஃபோர்னியா அணிக்கு மாற்ற ஏற்பாடு செய்தது. முடியாது என்றார் சான்டோ. அந்த விதியை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான். பிறகு பேசி, தன் சம்மதத்தோடு, சிகாகோவின் இன்னொரு அணியான வைட் சாக்ஸுக்குப் போனார். வீடு மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஃப்ளட் அப்போது ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு சின்ன மதுக்கடை நடத்திக்கொண்டிருந்தார்.